நாலு பேர் நிற்கும் லிப்ட்

யுத்த காலத்தில் ஒருநாள், கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அருகே இருக்கையில் இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அப்பாவை நிக்கவைச்சுத்தான் இறக்கினனாங்கள், அக்கா.”

“ஏன், லிப்ட் இல்லையே?”

“இருக்கு. நாலு பேர் நிக்கலாம், ஸ்ட்ரெச்சர் போகாது. ஆறாம் மாடியில இருந்து படியால தூக்க ஆர் இருக்கினம்? தம்பிமார் எல்லாரும் கனடா. நானும் காவலுக்கு நிண்ட வாச்சரும் ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிச்சம். கீழ வரேக்க மூச்சில்லை.”

“அந்த லிப்டைப் போட்டவனும் நிண்டபடியே சாகட்டும்!”

“அந்தா, அந்தப் பச்சைக் கட்டிடம்தான்” என்று மகள் ஜன்னலால் காட்டினாள்.

அதற்கு லிப்ட் தெரிவு செய்த பொறியியலாளன் நான். ஸ்ட்ரெச்சர் போகும் பெரிய லிப்டை விலக்கி, மிஞ்சிய இடத்தில் மாடிக்கொரு அறை கூட்டிக் கொடுத்தேன்.

இறங்க எழுந்த மகள் என்னைப் பார்த்தாள். “ஐயா, எவ்வளவு நேரம் நிக்கிறியள்? இதில இருங்கோ.”

அவள் இருந்த இடத்தில் அமர்ந்தேன்.