நடந்தால் ஏறும் எடை

புந்தோங்கிலிருந்து ஈப்போ டவுனுக்குப் போகும் காலை பஸ். என் முன்சீட்டில் தொழிற்சாலைச் சட்டை போட்ட இருவர். பருமனானவர் சொன்னார்:

“நடக்க ஆரம்பிச்சதுலருந்து ரெண்டு கிலோ ஏறிட்டேன் மச்சான்.”

“நடந்தா எப்படிலா ஏறும்?” என்றார் ஒல்லியானவர்.

“இனிப்புநீர் நோய்க்கு நடக்கணும்னாரு டாக்டரு. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்குறேன். வழியில ரொட்டி சானாய் கடை.”

“உள்ள போயிருவியா?”

“அப்பல்லாம் தோட்டத்துல பால்மரம் சீவிட்டு வந்துதானே பசியாறுவோம்? காலையில நடந்தாலே வயிறு கேக்குது. கடைக்குப் போறத நாலு தடவ விட்டுட்டேன். இன்னிக்கு மறுபடியும் விட்டுப் பாக்கிறேன்.”

அவர் மணியடித்து எழுந்தார். ஒல்லியானவரும் எழுந்தார்.

“ஒனக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்குலா!” என்றார் பருமனானவர்.

“பேசிக்கிட்டே போலாம், வா.”

பஸ் நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். ரொட்டி சானாய் கடை இருக்கும் பக்கமாக, பருமனானவருக்கு முன்னால் ஒல்லியானவர் நடந்துகொண்டிருந்தார்.