வெளியேறியவரை நீக்கும் முறை

"ஒரு லைட்டைப் போட எதுக்கு செல்போன்?" என்று என் மனைவி கேட்டாள். கை முழுக்கச் சோப்பு நுரை.

"பழகிடும்."

"பழகறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும். சுவத்துல ஒரு ஸ்விட்ச் இருந்துச்சு. தட்டினா எரிஞ்சுது. அது உங்களை என்ன பண்ணிச்சு?"

"எப்படின்னு எழுதித் தரேன், படிச்சுப் பாரு."

"எழுதறதுதான் எழுதறீங்க, எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க. உங்க லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்குக்கு எழுதற மாதிரி எழுதி நீட்டாதீங்க."

அந்தக் கையேடு அப்படித்தான் தொடங்கியது. நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். முதல் பக்கத்தை அவளுக்காக எழுதினேன். கூடத்து விளக்கைப் போடுவது, அணைப்பது, மங்கலாக்குவது. பிறகு அதை ஒரு குழுவில் போட்டேன். விளக்கு, பூட்டு, ஹீட்டர் எல்லாவற்றையும் செல்போனில் இணைத்துவிட்டு, தங்கள் வீட்டுக்குள்ளேயே விழிபிதுங்கி நின்றவர்களின் குழு அது. ஒரே வாரத்தில் பதினொரு பேர் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள், இருநூற்றுப் பத்துப் பக்கம். அதில் இருநூற்று ஒன்பது பக்கங்களில் நீங்கள் ஒரு பிழை காட்ட முடியாது.

பலர் எழுதுவதை ஒன்றாகக் கட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒருவர் பத்து வரியில் சொல்ல வேண்டியதைப் பத்துப் பக்கம் எழுதுவார். இன்னொருவர் வாசல் கேமரா பொருத்துவதைப் பற்றி எழுதுகிறேன் என்று தன் மாமனாரைத் திட்டியே ஒரு அத்தியாயம் அனுப்பியிருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே குரலுக்குக் கொண்டுவந்தேன். யார் பெயரும் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். எந்த வழிமுறையானாலும் இரண்டு வெவ்வேறு வீடுகளில் செய்து பார்த்த பிறகுதான் அதன் பக்கத்தில் பச்சை டிக் விழும். யாரும் எதையும் நம்பிச் செய்வது அந்த டிக்கைப் பார்த்துத்தான்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் ஸ்விட்ச் மாமா. "மாப்ளே, பச்சை டிக் இல்லாத பக்கத்தை நான் டீ கிளாஸுக்கு அடியில வைக்கக்கூட எடுக்க மாட்டேன்" என்பார். டிக் போடும் பொறுப்பு என்னுடையது.

நான்கு வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் பிரிந்தோம். வீடு அவளுக்கு என்று தீர்ப்பானது. காரணம் கேட்ட நீதிபதியிடம் "மூச்சு முட்டுது" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு, போகிற அன்று கூடத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டுத்தான் இறங்கினேன். குழுவிலிருந்தும் விலகிவிட்டதாக அவளிடம் சொன்னேன். எதற்கு வீண் தர்மசங்கடம் என்றுதான்.

அந்த வீட்டின் செருப்பு அலமாரிக்குள் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று இருக்கிறது. விளக்கும் ஃபேனும் பூட்டும் ஹீட்டரும், கேமராவும் மைக்கும் உள்ள கூடத்து ஸ்பீக்கரும் அதன் பேச்சைத்தான் கேட்கும். பெட்டியின் உரிமையாளர் என்று பதிவாகியிருப்பது நான். நான் வீட்டைவிட்டு இறங்கினேன், பெட்டியிலிருந்து இறங்கவில்லை. அப்படி இறக்கிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வருடம் கழித்து, குழுவில் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் ஒருவர் கேள்வி கேட்டார். வீட்டைவிட்டுப் போனவர் இன்னும் உள்ளே வரமுடியுமா, முடியுமென்றால் எப்படித் தடுப்பது? இரண்டு வரி படித்ததுமே அது என் மனைவி என்று தெரிந்தது. பன்னிரண்டு வருடம் அவள் எழுதிய சாமான் பட்டியலைப் படித்தவன் நான்.

சரியான பதில் எனக்குத் தெரியும். பெட்டியின் பின்னாலுள்ள பொத்தானைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் எல்லாம் அழிந்து, புதிதாகத் தொடங்கும். ஆனால் அது ஒரு குடும்பத்தை ஒரேயடியாக அழிப்பது போல எனக்குப் பட்டது. எனவே நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் போதும். வெளியேறியவரின் தொடர்பு அறுந்துவிடும்." அன்று மாலையே அவள் மாற்றினாள். நான் என் அறையிலிருந்து அவள் கூடத்து விளக்கை ஒருமுறை மங்கலாக்கிப் பார்த்தேன். மங்கியது. என் வீடு ஒன்று, அவள் வீடு ஒன்று, ஆக இரண்டு வீடுகளில் சோதித்தாயிற்று. டிக் போட்டேன்.

"நன்றி சார், இப்பதான் நிம்மதியா இருக்கு" என்று எழுதினாள்.

அவளுடைய நிம்மதிக்கு நான் குறைவைக்கவில்லை. மாலை ஐந்து நாற்பதுக்கு அவள் வேலையிலிருந்து வருவாள். கதவு திறக்கும்போது விளக்கு எரியும், வெந்நீர் தயாராக இருக்கும். எத்தனை கணவன்மார்கள் இதைச் செய்கிறார்கள்? சில நாட்களில் அவள் கூடத்தின் நடுவே வந்து நின்று, ஸ்பீக்கரைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுப்பாள். கேட்காமலே சமையலறைக்குப் போய்விடுவாள். அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். எதைக் கேட்க நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்றே நம்பினேன்.

அவளோடு வேலை செய்யும், கண்ணாடி போட்ட ஒருவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முதல் இரண்டு தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது தடவை விளக்குகள் அணைந்தன, அலாரம் அடித்தது, ஃபேன் நின்றுபோனது, வாசல் பூட்டு ஐம்பது நிமிடம் திறக்கவில்லை. கோடைக்காலம். அவர் பிறகு வரவில்லை. அவள் குழுவில் எழுதினாள்: "எல்லாம் தானா நடக்குது. எனக்குத்தான் பைத்தியம் பிடிக்குதோன்னு பயமா இருக்கு." அப்படியெல்லாம் இல்லம்மா, பழைய வயரிங்காக இருக்கும் என்று குழுவின் பெயரில் பதில் போட்டேன். கடுமையாக ஒரு சொல்கூட எழுதவில்லை.

இனி பல் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். என்னை இந்தக் காவல் நிலையத்தில் உட்காரவைத்திருப்பது அதற்காகத்தானே.

அவர் எங்கள் குழுவில் ஒருவர், அவரும் கணவரைப் பிரிந்து தனியாக இருந்தவர். திருத்தங்கள் முதலில் என்னிடம்தான் வரும். அவர் எழுதியிருந்தார், பிறகு போனிலும் கூப்பிட்டார்.

"சார், நாப்பத்தோராம் பக்கம் தப்பு. பாஸ்வேர்டை மாத்திட்டேன், அந்த ஆள் இன்னும் என் வீட்டு ஃபேனைப் போட்டு அணைச்சு விளையாடறான்."

"உங்க பெட்டி பழைய மாடலா இருக்கும் டாக்டர்."

"நீங்க சொன்ன மாதிரி மேலாப்புல தேய்ச்சா சொத்தைப் பல்லு சரியாயிடுமா சார்? வேரோட எடுக்கிற வழி ஒண்ணு இருக்கும்ல? அதைக் கேட்டு எழுதுங்க."

"விசாரிச்சுச் சொல்றேன்."

"பேசாம பூட்டையே கழட்டி எறிஞ்சிடவா?"

"அவசரப்படாதீங்க. பக்கத்துல டிக் இருக்குல்ல? இன்னொரு தரம் மாத்திப் பாருங்க."

அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 'பரிசீலனையில்' என்ற பட்டியலில் சேர்த்தேன். அவர் ஒருவருக்காக அந்தப் பக்கத்தைத் திருத்தினால் அதை எல்லோரும் படிப்பார்கள். என் மனைவியும் படிப்பாள். என் நிலையில் யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு பதினேழுக்கு அவர் வீட்டுப் பூட்டு தானாகத் திறந்திருக்கிறது. பதிவேட்டில் அந்த நேரம் இருக்கிறது, நீங்களே காட்டினீர்கள். பதினேழு நிமிடம் கழித்து அதே கணவர் அதைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். டாக்டர் சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார் என்று சொன்னீர்கள். நான் அவர் வீட்டு வாசலைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்தோராம் பக்கம் தப்பு என்று தெரிந்தேதான் எழுதினேன். அவர் கேட்ட வழி, அவர் கேட்ட மூன்று முறையும் என்னிடம் இருந்தது. அது இரண்டே வரி. சொல்லவில்லை.

இறுதிச் சடங்குக்கு நானும் போயிருந்தேன். ஸ்விட்ச் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிக் இருந்துச்சே மாப்ளே, டிக் இருந்துச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் அவர் ஒரு பெட்டியை வாங்கி, இரண்டு நாள் அதோடு உட்கார்ந்திருக்கிறார். வழியைக் கண்டுபிடித்து, தன் வீட்டிலும் மருமகள் வீட்டிலும் செய்து பார்த்து, என்னைக் கேட்காமலே நாற்பத்தோராம் பக்கத்தை மாற்றிவிட்டார். கையேட்டிலேயே மிகத் தெளிவான பக்கம் அதுதான். நான் திருத்தியிருந்தால் ஒரு கமாவைக்கூட மாற்றியிருக்க மாட்டேன். உங்களை என்னிடம் அனுப்பியவரும் அவர்தான் என்று நினைக்கிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அவர் பக்கத்தை மாற்றியது புதன்கிழமை. வியாழன் மாலை ஐந்து நாற்பதுக்கு என் மனைவி வந்தாள். விளக்கைப் போட்டேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் அச்செடுத்த ஒரு தாள். செருப்பு அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்துவந்து, கூடத்தின் நடுவே தரையில் உட்கார்ந்தாள். தாளில் சொல்லியிருந்தபடி செல்போனில் பெயர்ப் பட்டியலைத் திறந்திருப்பாள். அதில் முதல் பெயர் என்னுடையது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பெட்டியைத் திருப்பிப் பொத்தானைத் தேடினாள், கண்டுபிடித்தாள், ஆனால் அமுக்கவில்லை. எழுந்து ஸ்பீக்கருக்கு எதிரே வந்து நின்றாள்.

நான்கு வருடமாக அடக்கிவைத்திருந்ததை இன்று கேட்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. என் அறையிலிருந்து அந்த வீட்டுக்கு இருபது நிமிடம்தான். நான் எழுந்து முகம் கழுவி, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிறகு ஒலியைக் கூட்டிவைத்துக் காத்திருந்தேன்.

"என்னங்க," என்றாள். "நீங்க இருக்கீங்கன்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். பொத்தானை அமுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உங்க காதுபடக் கேட்டுடறேன். என் வீட்டை விட்டுப் போயிடுங்க."