இடப்பக்கத்துப் பெண்

நவம்பர் மாதம். சாயங்காலம் ஐந்து மணி. ஃபெராரா ஊருக்கு வடக்கே, ஆற்றங்கரை மேட்டுச் சாலை... பனிமூட்டத்தில் தன் சைக்கிளின் முன்சக்கரமே இசோலினாவுக்குத் தெரியவில்லை. தள்ளிக்கொண்டுதான் நடந்தாள்.

நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் எர்மெஸின் அத்தை இசோலினாவுக்கு நடந்தது. சந்தையில் டாரட் சீட்டு எடுத்துக் குறி சொல்பவள். கல்யாணம் ஆகவில்லை. கரையோரத்தில் தனி வீடு. ஒரு சந்தை முடிந்தால் அடுத்த சந்தை வரை பேச ஆள் கிடையாது. ரேடியோவில் செய்தி முடிந்ததும், வாசித்தவனிடம், “சரிப்பா, போய்த் தூங்கு” என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

டிக்... டிக்... சக்கரம் உருளும் சத்தம். அதோடு இன்னொன்று. ஈரச் செருப்பு. சளப்... சளப்... கூடவே சேற்று வாடை.

“அக்கா... நீங்க சீட்டு பாக்குறவங்கதானே?”

சின்னப் பெண். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. அன்று மழையே இல்லை.

“வீட்டுக்குப் போம்மா. சந்தைக்கு வா, பாத்துக்கலாம்.”

“ஒரே ஒரு சீட்டு அக்கா. அவர் வருவாரான்னு மட்டும்.”

அந்தக் குரலுக்கு மறுப்பு சொல்ல முடியவில்லை. சீட்டுக்கட்டைக் குலுக்கி ஒன்றை உருவினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். காதலர் சீட்டு. நடுவில் ஒரு வாலிபன், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். மேலே சிறகு முளைத்த குழந்தையொன்று வில்லை வளைத்துக் குறிபார்க்கிறது.

“காதலர் சீட்டு! அப்ப நல்லதுதானே அக்கா?”

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தச் சீட்டு சேர்வதைச் சொல்வதில்லை, தேர்ந்தெடுப்பதைச் சொல்வது. ஒருத்தியை எடுக்க வேண்டும், ஒருத்தியை விட வேண்டும்.

பெண் இடப்பக்கம் விரல் வைத்தாள். “இது நான். அம்பு யார் பக்கம் அக்கா?”

அம்பு மற்றவள் பக்கம். இசோலினா அதன் நுனியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

“உன் பக்கந்தான். வருவான்.”

“அதுவரைக்கும் எங்க காத்திருக்கட்டும்?”

“இந்தப் பனியிலயா நிப்ப? ஏதாவது ஒரு வீட்டுல போய்க் கதகதப்பா உக்காரு, போ.”

சீட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்... சாலையில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். உள்ளே அதே சேற்று வாடை. அடுப்பருகே யாருமே உட்காராத நாற்காலி. அதிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்...

கொஞ்ச நாள் பயத்தில் தூக்கமே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி, ரேடியோவை அணைத்துவிட்டு, நாற்காலியைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: “குளிருதாம்மா?”

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எர்மெஸ் விலாங்கு மீன் வாங்கிக்கொண்டு வந்தான். அத்தை அவனை உள்ளே விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“உனக்கென்ன பைத்தியமா அத்த? பொய் சொன்னேன்னு சொல்லிடு. அவன் வரமாட்டான்னு தெரிஞ்சா போயிடுவா.”

“சொல்லலாம்டா...” இசோலினா மீன் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். “போயிட்டா?”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், ஆசையாக:

“யாரு அக்கா வந்திருக்கறது? அவரா?”

இசோலினா தன் அண்ணன் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். இளவயசு. கல்யாணம் ஆகாதவன்.

அவள் கை மெல்லப் பின்னால் கதவுப் பிடியைத் தேடியது.