திரும்பக் கிடைப்பவள்

தீவுகளுக்குப் போகும்போது தடிமனான புத்தகம் எடுத்துச் செல்லக் கூடாது. உப்புக் காற்றில் தாள்கள் ஊதிவிடுகின்றன. பிறகு எவ்வளவு பாரம் ஏற்றி வைத்தாலும் புத்தகம் பழையபடி மூடுவதில்லை. என் மனைவி கிளம்பும்போதே சொன்னாள். "கடலைப் பாக்கப் போறோமா, பரீட்சைக்குப் படிக்கப் போறோமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரும்பாலும் அப்படித்தான். அவள் ஒன்று கேட்பாள். நான் யோசித்துப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

எங்களுக்குள் தகராறு இருந்ததா என்று நேற்றே கேட்டீர்கள். இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், அந்த வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றே சில சமயம் சந்தேகம் வரும் என்பார்கள்.

அவள் ஒரு பல் மருத்துவமனையின் முன் மேஜையில் வேலை செய்கிறாள். வலியோடு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து உட்கார வைப்பது அவள் வேலை. யாரைப் பார்த்தாலும் அவள் முகம் மலரும். தபால்காரர், மாடி வீட்டுப் பெண்மணி, தண்ணீர் கேன் போடுகிறவர், எல்லோருக்கும் அந்த முகம் கிடைத்துவிடும். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது நிமிர்ந்து பார்ப்பாள், "வந்துட்டீங்களா" என்பாள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. தினமும் மாலையில் வந்துவிடுகிற ஒருவனை வேறு எப்படிப் பார்க்க முடியும்?

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது. பெரிய ரயில் நிலையம் ஒன்றில் தொலைந்த பொருள்கள் பிரிவில் இருக்கிறேன். குடை, மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பல் செட், கல்யாணப் புகைப்படம், எல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும். தேடி வருகிறவர்கள் அடையாளம் சொல்வார்கள். நான் எழுந்து போய் எடுத்து வந்து வைப்பேன். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தில் வருகிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் வேலையில் அதற்கு வாய்ப்புக் குறைவு. பழைய கிழிந்த பையைக் கூட மார்போடு அணைத்துக்கொள்வார்கள். தொலைவதற்கு முதல் நாள் அதைக் காலால் நகர்த்தியிருப்பார்கள்.

இத்தனை காலம் அங்கே உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கேட்டவுடன் கொடுத்துவிடக் கூடாது. ஒரு சின்னப் பெண் தன் துணிப் பொம்மையைத் தேடி அம்மாவோடு வந்தாள். பொம்மை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "இன்னும் வரலம்மா, நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாள் எடுத்துக் கொடுத்தபோது அந்தக் குழந்தைக்கு அழுகையில் மூச்சே நின்றுவிட்டது. முதல் நாளே கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கும், அவ்வளவுதான். நான் யாருடைய பொருளையும் எடுத்துக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பயணம் அவளுடைய ஆசை. ஒரு தீவில் சில நாள், பிறகு படகேறி அடுத்த தீவு. அவசரமே கிடையாது. காலையில் நீச்சல், மதியம் தூக்கம், குளியலறை முழுக்க மணல். வராந்தாக் கொடியில் எங்கள் துண்டுகள் காய்ந்துகொண்டே இருக்கும். வெயிலில் மூக்கு கறுத்துப்போய், "என் மூக்கு மட்டும் வேற ஊர்க்காரி மாதிரி இருக்கு பாருங்க" என்று கண்ணாடி முன் நின்று சிரிப்பாள். சாப்பாட்டு இடத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் புத்தகம் படித்தேன். இரண்டு பேருமே நிம்மதியாக இருந்தோம் என்றுதான் சொல்வேன்.

அங்கே படகுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறும்போதே எல்லோரும் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நடுக்கடலில் மணல் திட்டுகள் இருக்கும். கடல் வற்றும்போது வெளியே தெரியும், ஏறும்போது மூழ்கிவிடும். அங்கே இறங்கி விளையாடிவிட்டுத் திரும்பி ஏறியதும் அவரவர் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். படகுக்காரர் ஆளை எண்ண மாட்டார். தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்.

"தலைய எண்ணினா தப்பு வரும் சார். ஒருத்தர் தண்ணிக்குள்ள முங்கியிருப்பார், இன்னொருத்தர் படகுக்குப் பின்னால நிப்பார். தொட்டி காலின்னா கிளம்ப வேண்டியதுதான்."

"யாராவது அடுத்தவங்க செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிட்டா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எங்கம்மா ஓடுறது? சுத்தியும் தண்ணி."

படகே சிரித்தது. நானும் சிரித்தேன்.

முதல் முறை நடந்தது என் கையில் இல்லை. அன்று காலை அவள் செருப்பு அறுந்துபோய், வெறுங்காலோடு வந்திருந்தாள். தொட்டி காலியானதும் படகு கிளம்பிவிட்டது. நான் முன்பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனபின் ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, "உங்க வீட்டுக்காரம்மா எங்க?" என்றார். படகைத் திருப்பினோம்.

அவள் திட்டின் ஓரத்தில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் தண்ணீருக்குள் இறங்கி ஓடி வந்தாள். படகை நோக்கி இல்லை, என்னை நோக்கி. இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்து வந்து என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க வந்துருவீங்கன்னு தெரியும். எனக்குத் தெரியும்" என்றாள். அந்த முகத்தை நான் ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறேன். எல்லோரும் குடையைப் பார்த்து, பையைப் பார்த்து அப்படி ஆனவர்கள். என்னைப் பார்த்து யாரும் ஆனதில்லை.

அன்று மாலை முழுவதும் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் புத்தகத்தில் என்ன கதை என்று கேட்டாள். சொன்னேன். நான் இடையில் நிறுத்தி யோசித்தபோதெல்லாம் காத்திருந்தாள். அப்படி ஒரு சாயங்காலம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. பிறகு மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிட்டது. பக்கத்து மேஜை, சிரிப்பு, "வந்துட்டீங்களா."

அடுத்த தீவில் அவள் புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். எல்லோரும் தண்ணீரில் இருந்தபோது தொட்டியிலிருந்து அதை எடுத்து என் பையில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். படகு கிளம்பியது. திட்டு ஒரு கோடாகத் தெரிகிற வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னேன். அப்போதும் ஓடிவந்தாள். கை ஜில்லென்றிருந்தது. அன்று தூக்கத்திலும் என் கையை விடவில்லை. செருப்பு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது என்று சொன்னேன், நம்பினாள். அந்தப் படகுக்காரரை முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வருத்தமாக இருந்தது.

மூன்றாம் முறை கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்தேன். அதுதான் தவறாகிவிட்டது. நாங்கள் திரும்பியபோது தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்திருந்தது. அவள் ஓடி வரவில்லை. படகு பக்கத்தில் வரும்வரை அசையாமல் நின்று, மறுபக்கம் சுற்றிப் போய் ஏணியில் ஏறினாள். யாரோ கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு படகுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சுக்கு அடியில் கிடந்தது என்று செருப்பை நீட்டியபோது, என்னைப் பார்க்காமல் என் பையையே பார்த்தாள்.

அறைக்கு வந்ததும் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். ஈரச் செருப்பு அழுத்தியதில் அட்டையில் அதன் அச்சு அப்படியே விழுந்திருந்தது. தன் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது.

"மூணு தடவையுமா?" என்றாள்.

"முதல் தடவை இல்ல. அது தானா நடந்தது."

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைக் கொல்லப் பாத்தீங்களா?"

"சே, என்ன பேச்சு இது. நான்தானே திரும்பக் கூட்டிட்டு வந்தேன்."

எனக்கு உண்மையிலேயே மனம் நொந்துபோயிற்று. அவள் விடவில்லை. "அப்ப எதுக்குங்க? சொல்லுங்க, எதுக்கு?"

நான் யோசித்தேன். இந்த முறை அவள் எங்கும் போகாமல் பதிலுக்குக் காத்திருந்தாள். "என்னைப் பாத்து ஓடி வந்தியே, அதுக்கு" என்றேன்.

அவள் செருப்பை எடுத்து மறுபடி காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு போனை எடுத்து அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணா, நாளைக்கு நீ துறைமுகத்துக்கு வந்துடு. ஆமா, இப்பவே கிளம்பு. இல்ல, அவர் வரல. இனிமே நான் மட்டும்தான்."

இனிமே என்ற அந்த வார்த்தையை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வார்த்தையில் மனுஷன் தொலைந்துபோக முடியும்.

மறுநாள் அவள் ஏறிய படகில் நானும் ஏறினேன். அவள் பின்னால் போய் உட்கார்ந்தாள். வழியில் கடைசித் திட்டில் படகு நின்றது. எல்லோரும் படம் எடுக்க இறங்கினார்கள். அவளுக்கு இறங்க விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நான் புத்தகத்தோடு இருந்த இடத்திலேயே இருந்தேன். என்னோடு படகில் தங்குவதைவிட அவளுக்கு அந்த மணலே தேவலையென்று ஆகிவிட்டது. தொட்டியில் கிடந்த தன் செருப்பை எடுத்துப் படகுக்காரரின் கையிலேயே கொடுத்தாள்.

"அண்ணே, நான் வந்து கேக்காம படகை எடுக்காதீங்க."

"நீங்க இல்லாம எப்படிம்மா எடுப்பேன்? ஆனா சீக்கிரம் வந்துருங்க. தண்ணி ஏறப் போகுது, மழை வேற வரும்போல. இருட்டுறதுக்குள்ள இந்த எடமே இருக்காது."

அதை நானும் கேட்டேன். கேட்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

அவள் திட்டின் மறுகோடிக்குப் போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இன்னொரு படகு வந்து ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போயிற்று. வானம் கறுத்தது. எல்லோரும் அவசரமாக ஏறினார்கள். நான் படகுக்காரரிடம் போய், அவள் அந்தப் படகில் போய்விட்டாள் என்றேன்.

"சண்டையா சார்?"

"லேசா."

அவர் சிரித்தபடி செருப்பை என்னிடம் நீட்டினார். "கரைக்குப் போனதும் நீங்களே கால்ல மாட்டி விடுங்க. கோபம் போயிடும்."

இயந்திரச் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். எழுந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். பக்கத்தில் இருந்த பெண், "அங்க யாரோ கை காட்டுற மாதிரி இருக்கே" என்றார். "அவங்க படகுக்காக நிக்கிறாங்க" என்றேன். பிறகு நானும் அவளைப் பார்த்துக் கை அசைத்தேன்.

துறைமுகத்தில் அவள் அண்ணன் நின்றிருந்தார். "தங்கச்சி எங்க மாப்ள?" என்றார். அடுத்த படகில் வருகிறாள் என்று சொல்லி, அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். காற்று பலமாகி, படகுகளை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். அவர் என்னை உலுக்கிக் கேட்டபோதுதான் சொன்னேன். அதற்குள் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

அதுவரை ஏன் வாய் திறக்கவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உடனே சொல்லியிருந்தால் கோபம் ஆறாமலே வந்திருப்பாள். மூன்றாம் முறையைவிட இந்த முறை அதிக நேரம் தேவைப்பட்டது. படகுக்காரர் மேல் தவறில்லை, அவரை விட்டுவிடுங்கள். யாரும் அவளை மறந்துவிட்டுப் போகவில்லை. அவள் அங்கே நிற்கிறாள் என்று தெரிந்து, தண்ணீர் ஏறும் என்று தெரிந்து, நான்தான் விட்டுவிட்டு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முன் வெளியே ஜீப் வந்து நின்றது. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதைத் தொடர்ந்து என் மைத்துனர் அழுகிற சத்தமும் கேட்டது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படி வாய்விட்டு அழுகிறார் என்றால் எவ்வளவு சந்தோஷமாக இருக்க வேண்டும். நீங்கள் ஏன் தலையைக் குனிந்துகொண்டீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

ஒரு சீப்பு கிடைக்குமா? முகம் கழுவிக்கொள்ளக் கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். அவள் ஓடி வரும்போது நான் இந்தக் கோலத்தில் நிற்கக் கூடாது.