முதல் காட்சியில் வரும் வாட்ச்மேன்

கூடலூரிலிருந்து ஓவேலி போகும் பஸ்ஸில், தேயிலை ஃபேக்டரி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தப் படம்னாலும் முதல்ல மாட்டுறது வாட்ச்மேன்தாங்க்கா," என்றாள் இளையவள்.

"எப்படிச் சொல்ற?"

"காலேஜ் காமெடின்னா, பசங்க அவரை ஏமாத்திட்டு ஹாஸ்டல் சுவரேறிக் குதிப்பாங்க. பேய்ப் படம்னா, ஏதோ சத்தம் கேட்டு டார்ச் எடுத்துட்டுத் தனியா போவாரு. செத்துருவாரு. உடனே டைட்டில் போட்டுருவாங்க."

"ஆமா. அவரு பேருகூடச் சொல்ல மாட்டாங்க."

"எங்கப்பாவும் சத்தம் கேட்டுத்தான் டார்ச்சோட போனாரு. எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால யானை நின்னுட்டு இருந்துச்சு."

மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுநாளே எஸ்டேட்ல வேற வாட்ச்மேன் போட்டுட்டாங்கக்கா. அவரு கையில இருந்தது எங்கப்பா டார்ச்."