பின்னால் ஒன்றுமில்லை

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது. முகத்துக்கு நேராக விளக்கு, மேசைமேல் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. தேர்வெழுத உட்காருகிறவர்களிடம் இப்படி ஓர் அறையைத்தான் நாங்கள் கேட்போம். பாதிப் பேருக்கு வாய்க்காது. கதவு மட்டும் எனக்குப் பின்னால் இருக்கிறது. பரவாயில்லை, அதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். கணினித் துறையில் இருக்கிறவர்கள் வீட்டிலிருந்தபடியே சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறார்கள். அவர்கள் காப்பியடிக்காமல் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. என் திரையில் ஒரே நேரத்தில் ஒன்பது சதுரங்கள், ஒன்பது முகங்கள். அவர்களால் என்னைப் பார்க்க முடியாது, தொடக்கத்தில் விதிகளைச் சொல்லும் குரல் மட்டும் கேட்கும். ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது முதலில் கொஞ்ச நேரம் நினைவிருக்கும், பிறகு மறந்துபோகும். மூக்குக்குள் போன விரல் அடுத்து எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நகத்தைக் கடித்துத் துப்புவார்கள். துப்பியது கீபோர்டில் விழுந்தால் ஊதிவிடுவார்கள். தலையைச் சொறிந்து விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, அதே விரலால் விடையைத் தட்டுவார்கள். மேலே கோட்டும் கீழே உள்ளாடையுமாக உட்கார்ந்திருப்பவரிடம்தான் நாளைக்கு ஒரு வங்கியின் பூட்டுகளையெல்லாம் ஒப்படைப்பார்கள். வேலை முடிந்ததும் நான் சோப்புப் போட்டு முகம் கழுவுவேன். அவர்கள் யாரும் என்னைத் தொட்டதில்லை. ஆனாலும் கழுவுவேன்.

நானும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள்தான். ஒரு நிறுவனத்தின் சர்வர்களை வருடக்கணக்காகக் கவனித்துக்கொண்டிருந்தேன். எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள், வாடிக்கையாளர்கள் சான்றிதழ் உள்ளவர்களைத்தான் கேட்கிறார்கள், இல்லாதவர்களுக்கு இனி இடமில்லை என்றார்கள். எனக்குக் கீழே இருந்தவன், எங்கிருந்தோ கசிந்த கேள்விகளை உருப்போட்டுச் சான்றிதழ் வாங்கி எனக்கு மேலே வந்து உட்கார்ந்தான். ஒரு சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்ப அவனுக்குத் தெரியாது. எனக்கு அருவருப்பு அவன்மேல் இல்லை. அவன் தூக்கிப்போட்ட அதே கேள்விகளை நானும் உருப்போட உட்கார்ந்தேன் பாருங்கள், அதன்மேல்தான்.

வீட்டிலிருந்து நான் எழுதிய தேர்வு பாதியில் இருக்கும்போது சமையலறையிலிருந்து மாமியார் அலறினார். நான் எழுந்து ஓடினேன். எண்ணெய் கொட்டிவிட்டது, இல்லையென்றால் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“கரப்பான்பூச்சிம்மா. மூஞ்சிக்கு நேரா பறந்து வருது. அது சரி, நீ ஏன் எழுந்து வந்த? பரீட்சை முடிஞ்சுடுச்சா?”

பூச்சியைச் செருப்பால் அடித்தேன். மல்லாந்து விழுந்து, வெள்ளையாக ஏதோ பிதுங்கி, அப்புறமும் வெகுநேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது திரையில் ஒரே வரி: தேர்வர் இருக்கையை விட்டு எழுந்ததால் தேர்வு ரத்து. என் வீட்டுக்காரர், “விடு, அடுத்த தடவை எழுதிக்கலாம், பரீட்சை எங்க ஓடிப்போகப் போகுது” என்றார். பரீட்சை ஓடிப்போகவில்லை, வேலைதான் போனது. கரப்பான்பூச்சிக்காக வேலையை விட்டவள் என்று மாமியார் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடவே சிரிப்பேன். அதன்பிறகு எனக்குக் கிடைத்தது இந்த வேலை. மற்றவர்கள் எழுந்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று எல்லோரும் வாதாடுகிறார்கள். வேலை தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி என்கிறார்கள் சிலர். வெறும் காகிதம் என்கிறார்கள் சிலர். இரண்டும் இல்லை. இவரை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தோம், என்ன நடந்தாலும் எழுந்திருக்கவில்லை என்று அது சொல்கிறது. நிறுவனங்களுக்கு வேண்டியதும் அதுதான். மதிப்பில்லாத விஷயமா அது?

இப்போது நீங்கள் விசாரிக்கிற அந்த மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் நாக்கை வெளியே நீட்டி உதட்டைச் சுற்றி நக்குவார். நான் அவருக்கு ஈர உதடு என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை எழுதுகிறார். இந்த மாதத்துக்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நான் கேட்காமலேயே சொன்னார். எல்லோரும் சொல்வார்கள்.

தேர்வுக்கு முன்னால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அறை முழுவதையும் காட்ட வேண்டும். பிறகு அதைத் தேர்வருக்குப் பின்னால் ஓரமாக வைக்க வேண்டும். அவர் முதுகும் அறைக்கதவும் அதில் தெரிய வேண்டும், யாரும் உள்ளே வந்து விடை சொல்லிவிடக் கூடாதல்லவா. அவருடைய அறையின் திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில் இருந்தது. அதில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, மூச்சு விடுவது தோளில் தெரிந்தது.

“அப்பா, முடியற வரைக்கும் கூப்பிடாதீங்க. நான் எழுந்தா எல்லாம் போச்சு.”

“யாருடா அதுல?”

“பரீட்சையப் பாக்கற மேடம். கடைசி வரைக்கும் பாத்துட்டே இருப்பாங்க.”

“என்னையுமா?”

“கதவு தெரியணுமாம். நீங்களும் தெரிவீங்க.”

பெரியவருக்கு அது பிடித்துப்போயிற்று. கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கி, “அப்ப சரி. பாத்துக்கம்மா,” என்றார். அப்படியே நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

மகன் காதில் அடைப்பான்களைச் செருகிக்கொண்டார். அதற்கு அனுமதி உண்டு. எழுதினார், நக்கினார், எழுதினார். நன்றாகவே எழுதிக்கொண்டிருந்தார். பாதி தாண்டியிருக்கும், பெரியவர் தண்ணீருக்கு எழுந்தார். கட்டில் விளிம்பைப் பிடித்த கை நழுவி, கதவுக்கு நேரே தரையில் விழுந்தார். அடைத்த காதுக்கும் கேட்கிற சத்தம். மகன் நிமிர்ந்தார். தலையைத் திருப்பவில்லை, திருப்புவது விதிமீறல் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். ஒரு காதிலிருந்து அடைப்பானை எடுத்தார்.

“மேடம், பின்னால என்னமோ விழுந்த மாதிரி இருந்துச்சு. அப்பாவான்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?”

நான் பார்த்தேன். பிறகு தட்டச்சு செய்தேன்: பின்னால் ஒன்றுமில்லை. திரையைப் பாருங்கள்.

“தேங்க்ஸ் மேடம்,” என்று சிரித்தார். அடைப்பானைத் திரும்பச் செருகி, உதட்டை நக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எங்கள் தேர்வு நிறுவனத்தின் வக்கீல் தங்கமானவர். ஒன்பது சதுரங்களில் ஒரு சதுரத்தின் மூலையில் நடந்தது, நான் வேறு யாரையோ கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் போதும் என்கிறார். அது உண்மையில்லை. அந்த ஒரு சதுரத்தை நான் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருந்தேன். மற்ற எட்டுப் பேர் அவ்வளவு நேரமும் மறைந்தே இருந்தார்கள். காப்பியடித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அந்த எட்டுப் பேர் விஷயத்தில் என் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவர் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும் மெதுவாக அசைந்தன. செருப்படி பட்ட அந்தப் பூச்சி எனக்கு ஞாபகம் வந்தது. வந்த நினைவை வந்தபடி சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாயோரம் எச்சில் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை எழவில்லை. பிறகு கை எழுந்தது, எச்சிலைத் துடைக்க இல்லை, கேமராவைப் பார்த்து. ஏழெட்டு அடி தூரத்தில் மகனின் முதுகு இருந்தது. அவர் மகன் பக்கம் கையை நீட்டவில்லை. கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் நீட்டினார். உதடு இரண்டு முறை அசைந்தது. இத்தனை வருடம் உதடுகளைப் பார்த்தவளுக்கு என்ன சொன்னார் என்று புரியாதா? அம்மா என்றார். வலியில் எல்லோரும் சொல்வதுதான். என்னைக் கூப்பிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ஆமாம், பொத்தான் இருக்கிறது. என் திரையின் மேல்மூலையில், சிவப்பு நிறத்தில். யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் அதை அழுத்தித் தேர்வை நிறுத்திவைக்கலாம். தேர்வருக்கு எந்த நஷ்டமும் இல்லை; இன்னொரு நாள் விட்ட இடத்திலிருந்து எழுதுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்குத்தான், நான் எழுந்து ஓடிய தினத்திலும் எவளோ ஒருத்தியின் திரையில் இந்தப் பொத்தான் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என் மாமியாரின் அலறலை அவள் கேட்டிருப்பாள். அழுத்தவில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மகனின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அவர் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மகன் தேர்வில் தேறிவிட்டார். பெரியவரின் கால்கள் அதற்கு முன்பே அசைவதை நிறுத்தியிருந்தன. திரையில் முடிவு வந்ததும் அடைப்பான்களைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு, திரும்புவதற்கு முன்னாலேயே, “அப்பா, பாஸ்,” என்றார். பிறகு திரும்பினார். அங்கே என் வேலை முடிந்துவிட்டதால் நான் இணைப்பைத் துண்டித்தேன். அன்றைக்கு முகம் கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவருடைய சான்றிதழை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள். தலையைத் திருப்பவில்லை, இடத்தை விட்டு அசையவில்லை, யாரும் உள்ளே வரவில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததிலேயே சுத்தமான தேர்வு அதுதான்.