குதிரைத் திருடனிடம் கடிவாளம் கொடுத்த அக்காவுக்கு

காலணியும் மறந்து, கராகோல் பனியில் கடிவாளத்தோடு கதறி ஓடிய கருணைக்கடலே, சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் நம் நடுவழி இல்லத்தின் நாயகியே, இன்று பணி ஓய்வு பெறும் பாக்திகுல் அக்கா, வணக்கம்!

அன்று நம் நிலக்கரி வண்டியை இழுத்த இரவல் பெட்டைக்குதிரை வயிறு உப்பி முற்றத்தில் புரண்டது. மருத்துவரோ அடுத்த ஊரில். குதிரையைப் பக்குவமாக நடத்திப் போகத் தெரிந்தவன் ஒருவனே: குதிரை திருடிச் சிறை சென்று, மீதித் தண்டனையைக் கழிக்க நம்மிடம் வந்திருந்த மெதேர்.

"என்கிட்டயா குடுக்கறீங்க, அக்கா? நான் எதுக்கு உள்ள போனேன்னு தெரியும்ல?"

"தெரியும்டா. வேற எவனுக்கு இங்க குதிரையைப் பத்தித் தெரியும்? இருட்டறதுக்குள்ள வந்துடு."

வராவிட்டால் அவனுக்கு மறுபடி சிறை. ஆளைத் தவறவிட்ட இல்லத்துக்குப் பூட்டு.

"ரெண்டுமே திரும்பாது," என்றார் சமையல்காரர் தூர்சுன்.

பொழுது சாய்ந்தது. ஆளெண்ண வந்த காவலர் எசெனுக்குத் தேநீர் ஊற்றினீர்கள், கிண்ணத்தில் பாதி மட்டும். நம்மூர் வழக்கப்படி கிண்ணத்தை நிறைத்தால்தானே விடைகொடுப்பு? பாதி பாதியாய் வரும்வரை எந்த விருந்தாளி எழுந்திருப்பான்?

"வயிறு வெடிச்சிடும் அக்கா. ஆளைக் கூப்பிடுங்க, எண்ணிட்டுப் போறேன்."

"வந்துருவான் தம்பி. இன்னும் அரைக் கிண்ணம்."

சமோவாரில் தேநீருக்கான வெந்நீர் வற்றியபோது வாசலில் குளம்புச் சத்தம். குதிரை நேராக நடந்தது, மெதேர்தான் நொண்டினான்.

"ஏறி வந்திருக்கலாமேடா?"

"நோவுல இருக்கற குதிரை மேல ஏறுவாங்களா, அக்கா?"

எசென் எண்ணி முடித்துக் கொல்லைப்பக்கம் ஓடினார். மெதேர் இன்று அதே மருத்துவரின் உதவியாளன்.

யாராவது திறந்துவிடுவார்கள் என்று கதவின்முன் காத்துநின்ற கைதிகளை "கை இருக்குல்ல, தொற" என்று அதட்டியே மனிதராக்கிய மாண்பே! முதலாளிகளின் வாசலேறி அவர்களுக்கு வேலையும், வீட்டுக்காரர்களிடம் வாதாடி விலாசமும் வாங்கித்தந்த வல்லமையே! உங்களிடம் தங்கிப் போனவர்களில் பலர் பழைய பாதைக்குத் திரும்பவேயில்லை. ஓய்வுக்காலம் உடல்நலத்தோடும் ஓயாத சிரிப்போடும் நீளட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. அது யார் குதிரை என்று எத்தனை முறை கேட்டோம், சிரித்தே மழுப்பினீர்கள். நேற்று உரியவரே வந்து சொன்னார். இந்த மடலை உங்கள் விடைபெறு விழாவில் எல்லார் முன்னும் தாமே வாசிக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே மெதேர், கதவைப் பார்க்காதே, உட்கார். நீ திருடிய குதிரைகளைப் பறிகொடுத்த ஒமுர்பெக், இதோ இதை வாசித்துக்கொண்டிருப்பவர், நீ இங்கே இருப்பது தெரிந்தேதான் அந்தக் குதிரையை அனுப்பியிருக்கிறார்.

அன்புடன்,
நடுவழி இல்ல ஊழியர்கள், கராகோல்